அரசு வழக்கறிஞர் இருக்கும்போது பாதிக்கப்பட்டவருக்குத் தனி வழக்கறிஞர் எதற்கு? (விவாத இழை)

ஜூன் 2, இரவு. கேட்டவர்

கிரிமினல் வழக்கில் அரசுதான் வாதி. அரசுப் பணத்தில் அரசு வழக்கறிஞர் நடத்துகிறார். பிறகு, இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு பாதிக்கப்பட்டவருக்கு இன்னொரு வழக்கறிஞரை ஏன் நியமிக்கிறது? ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் சேர விண்ணப்பித்திருக்கிறேன். கோர்ட்டில் பேச முடியாத வக்கீல் என்ன செய்வார், சும்மா பின்வரிசையில் உட்கார்ந்திருப்பாரா? வேலை என்னவென்று தெளிவாகச் சொல்பவர் யாரும் இல்லை.

ஜூன் 3, காலை. சட்ட உதவி வழக்கறிஞர்

அரசு வழக்கறிஞர் பாதிக்கப்பட்டவரின் வழக்கறிஞர் அல்ல. இதில் தெளிவு வந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். அவர் அரசுக்காக ஆஜராகிறார். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆவணம் இருந்தால் அதையும் நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டியது அவர் கடமை. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு வாடகை கட்ட வழியில்லை, பிள்ளையின் பள்ளியை மாற்ற வேண்டும், எதிராளியின் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான் என்பதெல்லாம் அவர் கையில் உள்ள வழக்குக் கட்டில் இருக்காது. சாட்சி சொல்லும் நாளன்றுதான் பல சமயம் அவர் பாதிக்கப்பட்டவரின் முகத்தையே பார்க்கிறார். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பதவியின் வரம்பு அப்படி.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2022 முதல் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் திட்டப்படி, வசதியில்லாத குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக முழுநேர எதிர்தரப்பு வழக்கறிஞர் அலுவலகங்கள் மாவட்டம் மாவட்டமாக வந்திருக்கின்றன. அது தேவையான ஏற்பாடு. ஆனால் அதே கட்டடத்தில் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைப்பவர் பட்டியலில் இருந்து வழக்குக்கு வழக்கு நியமிக்கப்படும் ஒருவர்தான். அந்த ஒருவரும் வேண்டாம் என்பதை ஏற்க முடியாது.

வேலை என்ன என்றால், தகவல், தேதி, மனு. இந்த மூன்றும் நேரத்துக்கு நடந்தால் பாதிக்கப்பட்டவர் கூண்டுவரை வந்து சேர்வார். நடக்காவிட்டால் வரமாட்டார், வந்தாலும் பிறழ் சாட்சியாகிப் போவார்.

பாதிக்கப்பட்ட யாரும் 15100 எண்ணில் அழைத்து இலவச வழக்கறிஞர் கேட்கலாம்.

ஜூன் 3, மதியம். சட்ட உதவி வழக்கறிஞர்

மேலே கடைசி வரியில் திருத்தம். "யாரும்" என்றது தவறு. 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் "குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்" என்று தனியாக ஒரு வகை கிடையாது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆள்கடத்தலில் சிக்கியவர்கள், சாதி வன்கொடுமைக்கு ஆளானவர்கள் போன்றோருக்கு வருமானம் பார்க்காமல் உதவி உண்டு. இவற்றில் எதிலும் அடங்காத ஒரு ஆண் வெட்டுக் காயத்தோடு வந்தால் வருமான வரம்பு வந்துவிடும். அவருக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். முதல் நாளே அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 3, இரவு. கேட்டவர்

சரி. ஒரு வழக்கு கைக்கு வந்தால் முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

ஜூன் 4. சட்ட உதவி வழக்கறிஞர்

முதலில் எண்ணைப் பிடியுங்கள். பாதிக்கப்பட்டவர் கையில் இருப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது, இல்லையென்றால் ஸ்டேஷன் குற்ற எண். சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்து சேர்ந்ததற்கான ரசீது மட்டுமே, அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. இதை அறியாமல் "கேஸ் போட்டாச்சு" என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். புகார் கொடுத்தவருக்கு மட்டுமல்ல, பாதிக்கப்பட்டவருக்கும் கொடுக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 173ஆம் பிரிவு சொல்கிறது. எல்லை எங்களுடையது இல்லை என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பவும் முடியாது.

பதிவு செய்ய மறுத்தால், எழுத்துப் புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டு, அதன் பிறகு மாஜிஸ்திரேட்டிடம் மனு. நடுவில் உள்ள படியைத் தாண்டிக் குதித்தால் மனு நிற்காது.

வழக்கு நகர நகர எண்ணும் மாறும். ஸ்டேஷனில் குற்ற எண். செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்க வேண்டிய பெரிய குற்ற வழக்கு, அங்கே போகும்வரை மாஜிஸ்திரேட்டிடம் பி.ஆர்.சி. எண்ணோடு இருக்கும். செஷன்ஸுக்கு அனுப்பியதும் எஸ்.சி. (செஷன்ஸ் கேஸ்) எண், சிறப்பு நீதிமன்றமானால் ஸ்பெஷல் எஸ்.சி. எண். பழைய எண்ணைச் சொல்லிக்கொண்டு தப்பான கோர்ட் வாசலில் நாள் முழுக்க நின்றுவிட்டுத் திரும்புவது சர்வ சாதாரணம். வழக்கு கோர்ட்டில் பதிவானதும் சி.என்.ஆர். எண்ணை (அந்த வழக்குக்கு மட்டுமே உரிய எண்) குறித்துக்கொள்ளுங்கள். மொத்தம் 16 எழுத்தும் இலக்கமும், தமிழ்நாட்டு வழக்கென்றால் டி.என். என்று தொடங்கும். ஈகோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தெரியும். பாலியல் வழக்குகளில் விவரம் மறைக்கப்பட்டிருக்கலாம். அப்போது பெஞ்ச் கிளார்க்கிடம் நேரில் கேட்பது தவிர வழியில்லை.

அடுத்து, குற்றம் நடந்த தேதி. 2024 ஜூலை 1க்கு முந்தைய குற்றம் என்றால் இந்திய தண்டனைச் சட்டம், அன்றோ அதன்பின்னோ நடந்தது என்றால் பாரதிய நியாய சன்ஹிதா. அந்தத் தேதியில் ஏற்கெனவே நிலுவையில் இருந்த விசாரணை பழைய நடைமுறைச் சட்டத்திலேயே தொடரும். மனுவின் தலைப்பில் பிரிவு மாறிப்போனால் எண்ணிடாமல் திருப்பித் தருவார்கள். ஒரு வாரம் போய்விடும்.

உடல் சார்ந்த சான்று இருக்கும் வழக்கா? உடுத்திய துணியைத் துவைக்க வேண்டாம். நிழலில் உலர்த்தி ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் வைக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் ஆய்வகத்தில் ஒன்றும் கிடைக்காது. பாலியல் குற்றத் தகவல் வந்து 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மருத்துவர் ஏழு நாளில் அறிக்கையை விசாரணை அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அமிலவீச்சு, பாலியல் வன்முறை வழக்குகளில் தனியார் மருத்துவமனையும் பணம் கேட்காமல் உடனே சிகிச்சை தர வேண்டும். மறுத்தால் அதுவே குற்றம், ஓராண்டு வரை சிறை. இரு விரல் பரிசோதனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013லும் 2022லும் சொல்லிவிட்டது. அறிக்கையில் அந்த வரி தென்பட்டால் உடனே எழுத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள்.

ஜூன் 4, பின்குறிப்பு

கைபேசிச் செய்திகளை மறந்துவிட்டேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டோமே என்று மூலத்தை அழித்துவிடுவார்கள். அழிக்கக் கூடாது, போனை ரீசெட் செய்யவும் கூடாது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழுக்கு இரண்டு பகுதி உண்டு. ஒன்றைக் கருவியை வைத்திருப்பவர் தர வேண்டும், மற்றதை நிபுணர். ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) குறிக்க வேண்டும். ஸ்டேஷனில் முதல் பகுதியை மட்டும் வாங்கிவிட்டு நிபுணர் பகுதி இல்லாமல் குற்றப்பத்திரிகை போய்விட்டால், அந்தக் குறை விசாரணை நடுவில்தான் வெளியே தெரியும்.

போனைக் கைப்பற்றினால் அது படிவம் 95ல் (கைப்பற்றிய பொருள்களின் பட்டியல்) ஏறி நீதிமன்றம் போகும். பாதிக்கப்பட்டவரின் வங்கிச் செயலி, ஆதார் ஓ.டி.பி. எல்லாம் அதில்தான் இருக்கும். போனைத் திரும்பக் கேட்கும் மனுவைத் தாமதிக்காதீர்கள். புகைப்படமும் விவரப் பட்டியலும் எடுத்துக்கொண்டு பொருளை ஒப்படைக்கலாம் என்பதைப் புதிய சட்டமே விரிவாகச் சொல்லியிருக்கிறது.

ஜூன் 6. கேட்டவர்

விசாரணையில் நம் பங்கு என்ன? சாட்சியை மிரட்டுகிற மாதிரி குறுக்கு விசாரணை நடந்தால் எழுந்து எதிர்ப்புத் தெரிவிக்கலாம்தானே?

ஜூன் 6. சட்ட உதவி வழக்கறிஞர்

தாராளமாக. பாதிக்கப்பட்டவர் வழக்கறிஞரை வைத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று பி.என்.எஸ்.எஸ்.ஸின் 18ஆம் பிரிவின் காப்புரை (பிரிவோடு சேர்ந்த விதிவிலக்கு வாசகம்) சொல்கிறது. தவறான கேள்வி வந்தால் எழுந்து நில்லுங்கள்.

ஜூன் 7. கூடுதல் அரசு வழக்கறிஞர்

மேலே உள்ள பதிலை அப்படியே பின்பற்றினால் முதல் நாளே நீதிபதி உட்காரச் சொல்வார். செஷன்ஸ் விசாரணையை நடத்துபவர் அரசு வழக்கறிஞர் மட்டுமே. பாதிக்கப்பட்டவரின் வழக்கறிஞர் அவருக்கு உதவியாக, அவர் வழிகாட்டுதலில் செயல்படலாம். சாட்சியம் முடிந்ததும் அனுமதி பெற்று எழுத்துமூல வாதம் தரலாம். 2019ல் ரேகா முரார்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: அவர் தாமாகச் சாட்சியை விசாரிக்கவோ வாய்மொழி வாதம் வைக்கவோ முடியாது. முக்கியமான கேள்வி விடுபட்டால் அரசு வழக்கறிஞரிடம் சொல்ல வேண்டும். அவரும் கேட்கவில்லை என்றால் நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவரலாம்.

நடைமுறையில் ஒரு காகிதத் துண்டு போதும். "அ.சா.3ஐ (அரசுத் தரப்பின் மூன்றாம் சாட்சியை) வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை" என்று எழுதி நீட்டினால் எந்த அரசு வழக்கறிஞரும் கேட்பார். ஒரே நாளில் பல வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பவருக்கு அந்தத் துண்டு பெரிய உதவி. அதை விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவர் காதில் "கவர்ன்மென்ட் வக்கீல் சரியில்லை" என்று ஓதுகிறவர்களால்தான் வழக்குக் கெடுகிறது.

ஜூன் 7, மாலை. சட்ட உதவி வழக்கறிஞர்

சார் சொன்னது சரி, என் ஜூன் 6 பதிலைத் திரும்பப் பெறுகிறேன். 18ஆம் பிரிவின் காப்புரையில் இருக்கும் சொல் "அரசுத் தரப்புக்கு உதவ" என்பதுதான். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் அனுமதி பெற்று வழக்கையே நடத்த 339ஆம் பிரிவில் இடம் உண்டு. அது செஷன்ஸுக்குப் பொருந்தாது. இரண்டையும் கலந்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பிணை விஷயம் வேறு. 2022ல் ஜக்ஜீத் சிங் வழக்கில், குற்றம் நடந்தது முதல் மேல்முறையீடு வரை ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவருக்குப் பேச உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிணை மனுவில் நாம் நேரடியாக வாதாடலாம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கென்றால் 15ஏ பிரிவின்படி பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே அறிவிப்புத் தருவது கட்டாயம். அறிவிப்பு இல்லாமல் கொடுத்த பிணை நிற்காது என்று 2021ல் ஹரிராம் பாம்பி வழக்குத் தீர்ப்பு. 16 வயதுக்குட்பட்ட சிறுமி மீதான பாலியல் வன்கொடுமையில், பிணை விசாரணையின்போது தகவல் கொடுத்தவரோ அவர் அதிகாரமளித்தவரோ இருக்க வேண்டும் என்பது நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது.

பிணை எதிர்ப்பில் வாதத்தைவிடத் தேதி பேசும். "மிரட்டுகிறார்கள்" என்று எழுதினால் பயன் குறைவு. எந்த நாள், எத்தனை மணி, யார் வந்தார், என்ன வார்த்தை சொன்னார், உடனே யாருக்குப் போன் செய்தார், ஸ்டேஷனில் கொடுத்த புகாரின் சி.எஸ்.ஆர். எண் என்ன என்று எழுதுங்கள். பாதிக்கப்பட்டவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்துக் குறிக்கச் சொல்லுங்கள்.

ஜூன் 9. கேட்டவர்

சாட்சியைத் தயார் செய்வது பற்றி. சொல்லிக்கொடுத்த சாட்சி என்று எதிர்த்தரப்பு சொன்னால்?

ஜூன் 9, இரவு. சட்ட உதவி வழக்கறிஞர்

சொல்லிக்கொடுக்கக் கூடாது, சரி. ஆனால் கூண்டு எப்படி இருக்கும் என்று காட்டலாம். சாட்சி சொல்வதற்கு முன்பே ஒரு நாள் கோர்ட் ஹாலுக்கு அழைத்துப் போய், நீதிபதி எங்கே உட்காருவார், எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) எங்கே நிற்பார், தட்டச்சர் எங்கே, எந்த வாசலில் நுழைவது, கழிப்பறை எங்கே என்று காட்டுங்கள். இந்தக் கடைசி விஷயத்தைச் சின்னதாக நினைக்க வேண்டாம். காலை பத்தரைக்கு வந்து மாலை நாலு மணிவரை காத்திருக்கும் பெண்ணுக்கு அது பெரிய விஷயம்.

பிறகு குறுக்கு விசாரணையின் மொழி. நம் கோர்ட்டுகளில் கேள்வி இப்படித்தான் வரும்: "நீங்கள் போலீஸ் விசாரணையில் இதைச் சொல்லவில்லை என்றால் சரிதானே?" "அன்று எதிரி அங்கே இல்லை என்றால் சரியா?" எதிர்மறைக்கு மேல் எதிர்மறை. நடுக்கத்தில் "சரி" என்று தலையாட்டினால், எதிரி அங்கே இல்லை என்று சாட்சியே ஒப்புக்கொண்டதாகப் பதிவாகும். மறுத்தால் "எதிரி அங்கே இல்லை என்றால் சரியல்ல" என்று பதிவாகும். அந்த "சரியல்ல"வில்தான் வழக்கு நிற்கிறது. ஆகவே வெறும் சரி, தவறு என்று சொல்லாமல் முழு வாக்கியமாகப் பதில் சொல்லப் பழக்குங்கள்: "அவர் அங்கே இருந்தார்." இதைப் பழக்க வழக்கின் சம்பவத்தை எடுக்கவே கூடாது. "இன்று மழை பெய்யவில்லை என்றால் சரியா?" என்று வேறு எதையாவது கேட்டுப் பழக்குங்கள். அப்போது இது சொல்லிக்கொடுத்தல் ஆகாது.

எதிர்த்தரப்பு வழக்கமாகக் கேட்கும் இன்னொரு கேள்வி: "வக்கீல் உங்களைச் சந்தித்தாரா?" பயத்தில் இல்லை என்பார்கள். அதற்கப்புறம் அந்தச் சாட்சியின் எந்தச் சொல்லும் நம்பத்தக்கதல்ல என்று வாதம் வரும். உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள்: "சந்தித்தார். நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னார்." அதில் மறைக்க ஒன்றுமில்லை.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தைரியம் வேண்டும். தூரம், நேரம், தேதி மூன்றிலும் மக்கள் ஊகித்துச் சொல்லி மாட்டிக்கொள்வார்கள். "ஐம்பது அடி" என்று புகாரில், "பத்தடி" என்று கூண்டில். "இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கடைவரை" என்று கைகாட்டிச் சொன்னால் முரண்பாடே வராது.

வாக்குமூலத்தைப் படித்துக் காட்டும்போது கவனமாகக் கேட்கச் சொல்லுங்கள். தட்டச்சில் ஒரு "இல்லை" விடுபட்டால் அர்த்தமே புரண்டுவிடும். கையெழுத்துப் போடும் முன் சொன்னால்தான் திருத்தம்.

ஜூன் 10. கூடுதல் அரசு வழக்கறிஞர்

நேற்றைய குறிப்போடு ஒத்துப்போகிறேன், ஒரு எச்சரிக்கையுடன். ஸ்டேஷனில் எழுதிய சாட்சி வாக்குமூலத்தைச் சாட்சியின் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யவிடாதீர்கள். அது போலீசார் தங்கள் நடையில் எழுதியது. "மேற்படி எதிரியானவர் என்னை ஆபாசமாகத் திட்டி" என்று யாரும் வீட்டில் பேசுவதில்லை. அதே வார்த்தை கூண்டில் வந்தால் எழுதிக் கொடுத்ததைச் சொல்வதாக எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். திட்டிய வார்த்தை எதுவோ அதையே சொல்ல வேண்டும். கூச்சப்பட்டு "அசிங்கமாகப் பேசினார்" என்று முடித்துவிட்டால் ஆபாசமாகத் திட்டியதற்கான பிரிவு உதிர்ந்துவிடும்.

ஜூன் 11. ஆற்றுப்படுத்துநர், ஒருங்கிணைந்த சேவை மையம்

வழக்கறிஞர்கள் பேசுகிற இழையில் இடையே வருகிறேன். போக்சோ வழக்குகளில் 2020 விதிகளின்படி குழந்தைகள் நலக்குழு ஒரு ஆதரவு நபரை நியமிக்கலாம். நியமித்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறை அதைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். குழந்தைக்கு என்னென்ன உரிமை உண்டு என்ற படிவம் ஏ-யைப் புகாரின்போதே கொடுக்க வேண்டும். வழக்குக் கட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். உணவு, உடை, போக்குவரத்து போன்ற அவசரத் தேவைக்கு நலக்குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்தில் பணம் தர வேண்டும். இது இழப்பீட்டில் சேராத தனி உதவி. இதைக் கேட்பவர் மிகக் குறைவு.

குழந்தையிடம் வழக்கறிஞர் நேராகக் கேள்வி கேட்க முடியாது. இரு தரப்பும் கேள்வியை நீதிபதியிடம் தர, அவர்தான் கேட்பார் (போக்சோ சட்டம், 33ஆம் பிரிவு). எதிரி கண்ணில் படாதபடி ஏற்பாடு வேண்டும் (36). திரை உண்டா, காணொலி வேலை செய்கிறதா என்று முந்தைய நாளே பாருங்கள். அன்று காலையில்தான் திரையைத் தேடினால், குழந்தை வராந்தாவில் எதிரியைப் பார்த்துவிடும். அத்தோடு அன்றைய சாட்சியம் போய்விடும். ஒருமுறை அப்படி ஆனால் மீண்டும் அழைத்துவருவது பெரும்பாடு.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். போக்சோ பையன்களுக்கும்தான். ஆண் குழந்தை என்றால் வீட்டார் "மறந்துடுவான்" என்று விட்டுவிடுகிறார்கள். இழப்பீட்டு மனுகூடப் போடுவதில்லை.

ஜூன் 12. கேட்டவர்

நன்றி அம்மா. இழப்பீடு பற்றி விரிவாக யாராவது எழுதுங்கள். தண்டனை கிடைத்தால்தானே பணம்?

ஜூன் 13. சட்ட உதவி வழக்கறிஞர்

இல்லை. இந்தத் தவறான எண்ணத்தால் கைவிட்டுப்போன பணத்துக்குக் கணக்கே கிடையாது.

பி.என்.எஸ்.எஸ்.ஸின் 396ஆம் பிரிவைப் படியுங்கள் (பழைய நடைமுறைச் சட்டத்தில் 357ஏ). எதிரி யாரென்றே தெரியாமல் விசாரணையே நடக்காவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் நேராக ஆணைக்குழுவில் மனு போடலாம். எதிரி விடுதலையானாலும், மறுவாழ்வு தேவை என்று கண்டால் நீதிமன்றம் பரிந்துரைக்கலாம். ஆகவே எழுத்துமூல வாதத்தின் கடைசிப் பத்தியில் "விடுதலை என்று முடிவானாலும் இழப்பீட்டுக்குப் பரிந்துரை செய்ய வேண்டும்" என்ற வேண்டுகோளைச் சேர்த்துவிடுங்கள். மனு வந்தபின் ஆணைக்குழு இரண்டு மாதத்தில் விசாரித்து முடிக்க வேண்டும்.

பெண்களுக்கு தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 2018 திட்டம், அந்த ஆண்டு அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ளது. உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம், கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு 5 முதல் 10 லட்சம், பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம், அமிலவீச்சில் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம் ரூபாய். பாதிக்கப்பட்டவர் சிறுமி என்றால் வரம்பு 50 சதவீதம் கூடும். இடைக்கால நிவாரணம் அட்டவணையின் உச்சத் தொகையில் 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அப்படிப் பார்த்தால் பாலியல் வன்கொடுமை வழக்கில் இடைக்காலமே 1,75,000 ரூபாய்க்குக் குறையாமல் வர வேண்டும். 25,000 கொடுத்து "முதல் தவணை" என்றால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, மீதிக்கு அன்றே மனு எழுதுங்கள். அமிலவீச்சில் 1 லட்சம் 15 நாளுக்குள்.

மனு படிவம் ஒன்று, முதல் தகவல் அறிக்கை நகல், மருத்துவ அறிக்கை, இறப்பு என்றால் சான்றிதழ், தீர்ப்பு இருந்தால் நகல். இதோடு பாதிக்கப்பட்டவர் பெயரில் வங்கிப் பாஸ்புக். கணவர் பெயரிலோ கூட்டுக் கணக்கிலோ வேண்டாம். குற்றம் செய்தவர் வீட்டாளாக இருக்கும் வழக்குகள் ஏராளம். அப்போது பணம் எதிரியின் ஜாமீன் செலவுக்கே போய்விடும்.

தொகை ஏன் கூட வேண்டும் என்பதை மனுவில் எழுதுவது நம் வேலை. மருத்துவச் செலவு, படிப்பு நின்றது, வேலை போனது, குற்றவாளி நெருங்கிய உறவா, ஒருமுறை நடந்ததா தொடர்ந்ததா, கருவுற்றாரா, தொற்று உண்டா, ஊனம் எத்தனை சதவீதம், அவரை நம்பியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று திட்டத்திலேயே அளவுகோல் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, ஒரு ஆவணம். "மிகவும் பாதிக்கப்பட்டுள்ளார்" என்ற ஒற்றை வாக்கியத்தோடு போகும் மனுவுக்குக் கீழ்வரம்புத் தொகைதான் வரும்.

சம்பவம் அல்லது விசாரணை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனு. தொகை குறைவென்றால் 30 நாளில் மாநில ஆணைக்குழுவில் மேல்முறையீடு.

ஜூன் 13, இரவு. பின்குறிப்பு

தொகை முழுவதும் உடனே கைக்கு வராது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். 75 சதவீதம் குறைந்தது மூன்று ஆண்டு நிரந்தர வைப்பில் இருக்கும், 25 சதவீதம் எடுக்கலாம். சிறாருக்கு 80 சதவீதம் வைப்பு, மேஜர் ஆன பிறகே. இதைச் சொல்லாமல் விட்டால், பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு வக்கீல் எடுத்துக்கொண்டார் என்று நினைப்பார்கள். நம்பிக்கை போய்விடும்.

சாதி வன்கொடுமை வழக்கில் நிவாரணம் வேறு கணக்கு. 1995 விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் வழியாக வருகிறது. 2016 திருத்தத்தில் 85,000 முதல் 8,25,000 ரூபாய்வரை. கொலை என்றால் பிரேதப் பரிசோதனைக்குப் பின் பாதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போனதும் பாதி. பல குற்றங்களில் முதல் தகவல் அறிக்கையோடு 25, குற்றப்பத்திரிகையோடு 50, தண்டனையோடு 25 சதவீதம். குற்றப்பத்திரிகை 60 நாளில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த தவணையும் நிற்கும், ஆகவே நாளை எண்ணிக்கொண்டிருங்கள். சாட்சி சொல்ல வரும் நாளின் பயணப்படியும் உண்டு, அதையும் கேளுங்கள்.

ஜூன் 15. கேட்டவர்

போலீஸ் வழக்கை முடித்துவிட்டதாக ஒரு தபால் வந்தது என்று ஒருவர் கொண்டுவந்தார். ஆர்.சி.எஸ். நோட்டீஸாம்.

ஜூன் 15. கூடுதல் அரசு வழக்கறிஞர்

அதைக் கவரோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கவரின் தபால் முத்திரைத் தேதி தேவைப்படும். வழக்கை மேல் நடவடிக்கையின்றி முடிக்கக் கேட்கும் அறிக்கை அது. புகார்தாரருக்கு வாய்ப்புத் தராமல் மாஜிஸ்திரேட் அதை ஏற்கக் கூடாது என்று 1985லேயே பகவந்த் சிங் வழக்கில் தீர்ப்பு. எதிர்ப்பு மனு போடுங்கள். விசாரிக்காமல் விட்ட சாட்சிகள், எடுக்காத கேமரா பதிவு, வாங்காத போன் விவரம் என்று குறிப்பாக எழுதினால் மேல் விசாரணைக்கு உத்தரவு கிடைக்கும். ஸ்டேஷனில் எழுத்தறிவில்லாதவரிடம் இந்த நோட்டீஸைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுவதும் நடக்கிறது. என்ன காகிதம் என்று தெரியாமல் கையெழுத்து வேண்டாம் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவையுங்கள்.

இதேபோல 90 நாளுக்குள் விசாரணை எந்த அளவில் உள்ளது என்று பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிப்பது இப்போது அதிகாரியின் கடமை (பி.என்.எஸ்.எஸ். 193ஆம் பிரிவு). 91ஆம் நாள் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். குற்றப்பத்திரிகை நகல், வழக்கறிஞர் வைத்திருக்கும் பாதிக்கப்பட்டவருக்கு இலவசம் (230). கேட்டவரின் முதல் கேள்விக்கு இதுவும் ஒரு பதில்: வழக்கறிஞர் இல்லாதவருக்கு அந்தப் பிரிவின்கீழ் நகல் இல்லை.

ஜூன் 16. கேட்டவர்

அது எனக்குத் தெரியாது சார். தனி வழக்கறிஞர் எதற்கு என்று எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். கடைசியாக, விடுதலை ஆகிவிட்டால்?

ஜூன் 17. சட்ட உதவி வழக்கறிஞர்

பி.என்.எஸ்.எஸ்.ஸின் 413ஆம் பிரிவின் காப்புரை. விடுதலை, குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டனை, போதாத இழப்பீடு ஆகிய மூன்றுக்கும் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். முன் அனுமதி தேவையில்லை என்று 2018ல் மல்லிகார்ஜுன் கொடகலி வழக்கு. தண்டனைக் காலம் குறைவு என்று மட்டும் போக முடியாது, அது அரசின் உரிமை. 2020ல் பர்விந்தர் கன்சல் வழக்கில் இது முடிவானது. மாஜிஸ்திரேட் விடுதலை செய்தால் செஷன்ஸுக்கு, செஷன்ஸ் விடுதலை செய்தால் உயர் நீதிமன்றத்துக்கு.

தீர்ப்பு சொல்லும் நாளன்று பாதிக்கப்பட்டவரைத் தனியாக விடாதீர்கள். விடுதலை என்றால் வெளியே பட்டாசு வெடிப்பவர்களும் இருப்பார்கள். எந்த வாசலில் வெளியேறுவது, யார் கூட வருவார், அன்றிரவு எங்கே தங்குவார் என்று முந்தைய நாளே பேசி வையுங்கள். அச்சுறுத்தல் இருந்தால் 2018 சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மனு. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் போக வேண்டும், ஐந்து வேலை நாளில் டி.எஸ்.பி. அறிக்கை தர வேண்டும். ஆகவே தீர்ப்புக்கு ஒதுக்கிய தேதி தெரிந்த அன்றே போடுங்கள். தீர்ப்பு நகலுக்கான மனுவைத் தீர்ப்பு சொன்ன அன்று மாலைக்குள் கொடுத்துவிடுங்கள்.